மணிக்கூண்டில் ஒன்றுமில்லை

பெத்தேல் காலனியில் யார் வீட்டுக்குள் எது நுழைந்தாலும் முதல் போன் ரீபா டீச்சருக்குத்தான் போகும். தீயணைப்பு நிலையமெல்லாம் அப்புறம்தான். அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறாள். விலங்கியல் படித்தவளுக்கு விலங்குகளோடு பேச்சுவார்த்தை இருக்கும் என்று காலனி முடிவு கட்டிவிட்டது. தவளையை அறுத்திருக்கிறாள், கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்திருக்கிறாள், வாஸ்தவம்தான். ஆனால் பாம்பை அவள் பாட்டிலுக்குள் மட்டுமே பார்த்தவள். இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று! தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காலனி இருக்கிற இடம் இருபது வருஷத்துக்கு முன்பு நெல்வயல். இன்றைக்கும் மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் குளமும்தான். மனிதர்கள் மனை பிரித்து, கல் நட்டு, பத்திரம் பதிந்து, தெருவுக்குத் தெரு வேதாகமப் பெயரும் வைத்துவிட்டார்கள். இந்தத் தகவல் உடும்புக்கும் மரநாய்க்கும் போய்ச் சேரவில்லை. அதுகள் பழைய நினைப்பிலேயே வந்து போய்க்கொண்டிருக்கின்றன. போதாக்குறைக்கு இது தை மாதம், பிசான நெல் முற்றுகிற பருவம். வயலில் எலி பெருத்துக் கிடந்தது. எலிக்குப் பின்னால் சாரை வந்தது, சாரைக்குப் பின்னால் கீரி வந்தது, கீரிக்குப் பின்னால் ரீபாவுக்குப் போன் வந்தது.

“டீச்சர், ஷமீம் பேசுதேன். மொட்ட மாடித் தண்ணித் தொட்டி மேல ஒரு பருந்து உக்காந்து மைனாவப் பிச்சித் திங்குது. துணி காயப்போடப் போவ முடியல.”

“அது பருந்து இல்லம்மா, வல்லூறு. தின்னுட்டு அதுவாப் போயிரும்.”

“எம்புட்டு நேரம் ஆவும் டீச்சர்?”

ஒரு மைனாவைத் தின்ன வல்லூறு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. “அரை மணி நேரம்” என்றாள் ரீபா. இப்படி வாயில் வந்ததைச் சொல்லிப் பேச்சை முடிக்கிற பழக்கம் அவளுக்கு ஒரு வருஷமாகத்தான். இஸ்ரவேலுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்த பிறகு வந்தது.

இஸ்ரவேல் அவள் கணவர். திசையன்விளையில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது படுத்துவிட்டார். புதன், சனி இரண்டு நாளும் வண்ணார்பேட்டையில் டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, நாலு மணி நேரம் கழித்துக் கைத்தாங்கலாகக் கூட்டிவர வேண்டும். மற்ற நாட்களில் அவருக்குக் குடிக்கத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும், உப்பில்லாமல் சமைக்க வேண்டும், உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். நடுவில் பள்ளிக்கூடம், விடைத்தாள், செய்முறைத் தேர்வு. ஒரே மகள் துபாயில் நர்ஸ். வீடியோவில் வந்து, “அம்மா, ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். ரீபா டவுன் பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாள். ஆசை என்று அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்: யாரும் எதையும் கேட்காத ஒரு மத்தியானம்.

அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே கோயில். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களும் தங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். காலனி வருமுன்பே வயலுக்கு நடுவே நின்ற கோயில் அது. அதன் கோபுரத்து உச்சியில் மணிக்கூண்டு, நாலு பக்கமும் மரச் சட்டம் வைத்த பலகணிகள். இஸ்ரவேலின் கட்டில் ஜன்னலோரம் கிடந்ததால், நாள் முழுக்க அவருக்கு அந்தக் கோபுரம்தான் டெலிவிஷன். ஒரு திங்கட்கிழமை, விளக்குப் போடுகிற நேரத்தில், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்.

“ரீபா, கோபுரத்துக்குள்ள என்னமோ சீறுது.”

“காத்தா இருக்கும்.”

“காத்து விட்டு விட்டா சீறும்? ஒண்ணு ரெண்டு இல்ல, நாலஞ்சு சேந்து சீறுது. காதக் கொடுத்துக் கேளேன்.”

அவள் காதைக் கொடுக்கவில்லை. “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டாள். கூகை என்கிற வெள்ளை ஆந்தையின் குஞ்சுகள் பசித்தால் அப்படித்தான் பாம்பு மாதிரிச் சீறும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் நினைக்கப் பிடிக்கவில்லை. இன்னும் முப்பத்தோரு விடைத்தாள் பாக்கி இருந்தது.

கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டைப் பண்டிகை. காலையில் ஆராதனை, மத்தியானம் அசனம். அசனம் என்றால் சபையார் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதல்ல. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறுமாக, மதம் சாதி பாராமல் சுற்று வட்டாரம் முழுக்கப் பந்திக்கு வரும். அதற்காகக் கோயிலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். சாரம் கட்டி ஏறியவர்கள்தான் முதலில் சொன்னார்கள், கோபுரச் சுவர் நெடுகக் கூகையின் எச்சம் வழிந்து காய்ந்து கிடக்கிறது, எத்தனை பூச்சு அடித்தாலும் நிற்காது என்று. எச்சம் ஒரு சாக்கு. கிறிஸ்துமஸுக்குப் பிறகு காலனியில் மூன்று சாவு விழுந்திருந்தது. மூன்றுக்கும் முந்தின நாள் கூகை கோபுரத்திலிருந்து அலறியதாக ஆட்கள் சொன்னார்கள். வேதாகமத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று ஐயர் பிரசங்கமே செய்தார். போதகரைத்தான் இங்கே ஐயர் என்பது. பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் எல்லாரும் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை ரீபா அரை நாள் லீவு போட்டு இஸ்ரவேலை டயாலிசிஸுக்குக் கொண்டுவிட்டாள். அங்கே ஏசிக் குளிரில் அவர் நடுங்க, போர்வையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவு வந்தது. ஆட்டோ பிடித்து வந்து, போர்வையை எடுத்துக்கொண்டு திரும்புகையில், கோயில் வாசலில் எபனேசர் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எபனேசர் அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டை பஜாரில் இரும்புச் சாமான் கடை. சபைக் கமிட்டிச் செயலாளர். பக்கத்தில் சுருட்டிய கம்பி வலையோடு இரண்டு கொத்தனார்கள் நின்றார்கள்.

“டீச்சர், கர்த்தர் பாத்துதான் உங்கள அனுப்பியிருக்காரு. இந்தக் கூகை நுழையுத பலகணி நாலுக்கும் வலை அடிச்சிரலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம். ஆனா உள்ள குஞ்சு கிஞ்சு இருந்தா பாவமில்லையான்னு கமிட்டில ஒருத்தர் கேக்காரு. எனக்கும் மனசு கேக்கல. நீங்க ஒரு எட்டு மேல ஏறிப் பாத்துச் சொல்லிருங்க. உயிரு இருந்துச்சுன்னா அடைக்க வேண்டாம், குஞ்சு பறந்த பெறவு பாத்துக்கிடலாம்.”

“வேற யாரும் ஏறக் கூடாதா அண்ணாச்சி?”

“யாரு ஏறுவா? கூகைன்னா இவனுவளுக்குக் கொலை நடுங்குது. எலியேசருக்கோ மணியடிச்சு அடிச்சுக் காதே மந்தம். நீங்க சொன்னா அது சர்ட்டிபிகேட்டு மாதிரி. எவனும் வாயத் தொறக்க மாட்டான்.”

மணியடித்து, கோயிலைப் பெருக்கி, விளக்குப் போடுகிற கோயில்குட்டியார் எலியேசர், அறுபது தாண்டிய மனிதர், சாவியைக் கொண்டுவந்து கோபுரக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருட்டு. மணிக் கயிறு நடுவில் தொங்கியது. அதைச் சுற்றிக்கொண்டு இரும்புப் படிகள் மேலே போயின.

“எத்தன படி?” என்று கத்திக் கேட்டாள்.

“அறுவத்திரெண்டு டீச்சரம்மா.”

எலியேசர் வெளியே போய் நின்றுகொண்டார். ரீபா போர்வையைத் தோளில் போட்டபடி நாலு படி ஏறினாள். ஐந்தாவது படிக்கு வலது முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. நின்று கேட்டாள். நடு மத்தியானம், ஒரு சத்தமும் இல்லை. குஞ்சுகள் பகலில் தூங்கும். பெரிய கூகைகள் இந்தப் பருவத்தில் கூட்டில் தங்காமல் குளத்தங்கரைப் பனையில் போய் அடையும். பேசாமல் இருப்பதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. எல்லாம் தெரியும். இஸ்ரவேல் ‘நாலஞ்சு’ என்று சொன்ன வார்த்தையும் காதிலேயே நின்றது.

ஏறிப் பார்த்தால் இருக்கும். இருந்தால், இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால், எத்தனை நாளில் பறக்கும் டீச்சர், எச்சத்துக்கு என்ன செய்ய டீச்சர், சாவு விழாமல் இருக்குமா டீச்சர் என்று பண்டிகை முடிகிற வரைக்கும் ஆள் மாற்றி ஆள் வருவார்கள். அங்கே அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். இந்த உலகத்தில் ஒரே ஒரு விஷயமாவது இல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரம் இருட்டில் நின்றாள். ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு சேலையில் படாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பழைய கூடுதான்.”

எபனேசர் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தீர்மானப் புத்தகத்தைக் கையோடு வைத்திருந்தார். ‘மணிக்கூண்டில் உயிரினம் ஒன்றுமில்லை என்று விலங்கியல் ஆசிரியை திருமதி ரீபா இஸ்ரவேல் நேரில் பார்வையிட்டுத் தெரிவித்தார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே தோன்றியது. வண்ணார்பேட்டை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே வலை அடித்தாயிற்று. வியாழக்கிழமை கோபுரத்துக்கு இரண்டாம் பூச்சு அடித்தார்கள், வெள்ளிக்கிழமை சாரத்தைப் பிரித்தார்கள். இஸ்ரவேல்தான் அடங்கவில்லை. வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“இப்ப முந்தியவிட ஜாஸ்தியா சீறுது. வெளியிலயும் ஒண்ணு கெடந்து அலறுது. கோபுரத்தச் சுத்திச் சுத்தி வருது ரீபா.”

“உள்ள ஒண்ணும் இல்ல. எழுதிக் குடுத்திருக்கேன்.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “நீ ஏறுனியா?”

“ஆமா.”

“ஒன் முட்டிய வச்சிக்கிட்டா?”

“ஆமான்னு சொல்லுதேன்லா!”

அவர் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். வியாதிக்காரரிடம் கத்தியதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள், கொசு வருகிறது என்று.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் படியில் மூன்று எலி செத்துக் கிடந்ததாம். எலியேசர் வாரிப் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் ஏழு. இந்தத் தடவை எபனேசர் அண்ணாச்சி வாரவிடவில்லை. சபையில் போன மாதம்தான் கமிட்டித் தேர்தல் முடிந்திருந்தது. நம்ம பக்கத்துக் கோயில் தேர்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டமன்றத் தேர்தலெல்லாம் அதற்கு முன்னால் தூசு. இரண்டு அணி, நோட்டீஸ், பதில் நோட்டீஸ், கோர்ட்டு. தோற்ற அணிக்காரர்கள்தான் பண்டிகையைக் கெடுக்க எலியைக் கொன்று கோயில் படியில் எறிகிறார்கள் என்று கமிட்டி ஒரே மனதாக முடிவு செய்தது. அதற்கு முன்பு அந்தக் கமிட்டி எதிலும் ஒரே மனதாக இருந்ததில்லை.

மத்தியானம் மூன்றரைக்கு ரீபா இஸ்ரவேலைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்து, ஊசி குத்திய கையைத் தலையணையில் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். எலியேசர் வாசலில் நின்றார்.

“டீச்சரம்மா, அண்ணாச்சி கூப்புடுதாரு. செத்த எலிய நீங்க வந்து பாக்கணுமாம்.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செத்த எலியைப் பார்க்கவும் நான்தானா என்று கேட்க வாய் வந்தது. எலியேசருக்கு அது காதில் விழப்போவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கோயில் படியில் செய்தித்தாளை விரித்து, ஏழு எலிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

“வாங்க டீச்சர். ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறோம். இது மருந்து வச்ச எலியா, தடியால அடிச்ச எலியான்னு நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னா, புகார்ல சேத்துருவேன். ராவோட ராவா வந்து எறிஞ்சிட்டுப் போறானுவ, பண்டிகையும் அதுவுமா!”

ரீபா குனிந்து பார்த்தாள். கொழுத்த வயல் எலிகள். கழுத்து முறிந்திருந்தது. முதுகில் இரண்டு பக்கமும் நகம் இறங்கிய ஓட்டைகள். எதையும் யாரும் கடித்துத் தின்றிருக்கவில்லை. பிடித்து, கொன்று, முழுசாகக் கொண்டுவந்தவை. அவள் மெதுவாக நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். புது வெள்ளையில் கண் கூசியது. மேலே வலைக்கு அடியில், ஒரு சாண் அகலச் சுவர் விளிம்பில், இன்னும் இரண்டு எலிகள் கிடந்தன. ஒன்றின் வால் விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அரை அங்குல ஓட்டை வலை. அதன் வழியாக எலி நுழையாது. மூன்று ராத்திரியும் கூகைகள் பிள்ளைகளுக்கு இரை கொண்டுவந்து, வலையில் முட்டி, உள்ளே கொடுக்க முடியாமல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. இடம் போதாமல் விழுந்தவைதான் படியில் கிடந்தன.

பூனை கொண்டுவந்து போட்டது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதையும் ஒரு நொடி நினைத்தாள் என்பதுதான் பின்னால் அவளை அதிகம் வதைத்தது.

“அண்ணாச்சி, இது யாரும் எறிஞ்சது இல்ல. கூகை கொண்டாந்தது. உள்ள குஞ்சு இருக்கு.”

“குஞ்சா? நீங்க அன்னைக்கு ஏறிப் பாத்தீங்கள்ல?”

“ஏறல.”

“ஏறலியா?”

“நாலு படி ஏறுனேன். கால் வலிச்சுது. அசதியா இருந்துச்சு. எறங்கி வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.”

நாலு பேரும் அவளையே பார்த்தார்கள். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். எபனேசர் அண்ணாச்சி தீர்மானப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உயிரு இருந்தா அடைக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேனே டீச்சர். ஏற முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூடப் போதுமே. வேற ஆளப் பாத்திருப்பேனே.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

“சாரத்தையும் பிரிச்சாச்சு” என்றார் ஒருவர். “திங்கக்கெழம கொத்தனாரக் கூப்புட்டு...”

“திங்கக்கெழம வர தாங்காது. இப்பவே மூணு ராத்திரி ஆச்சு” என்றாள் ரீபா. “உள்பக்கமா ஏறி வெட்டிரலாம். ஒரு கட்டிங் பிளேயர் இருந்தாக் குடுங்க. நான் ஏறுதேன்.”

அண்ணாச்சி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. அவரே ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து பிளேயரை எடுத்துக் கொடுத்தார். எலியேசர் டார்ச்சோடு பின்னால் வந்தார். அவருக்கும் கூகை என்றால் பயம்தான். டீச்சரம்மாவைத் தனியாக விட மனம் வரவில்லை போலிருக்கிறது.

இருபது படி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அதற்கு மேல் வலது காலை மடக்க முடியவில்லை. இடது காலை வைத்து, வலது காலை இழுத்து, படிக்குப் படி நின்று போனாள். முப்பதில் உட்கார்ந்துவிட்டாள். “பைய ஏறுங்க டீச்சரம்மா” என்று எலியேசர் கீழிருந்து கத்தினார். நாற்பதைத் தாண்டியதும் வாடை வந்தது. ஐம்பதுக்கு மேல் படியெல்லாம் கறுப்பு உருண்டைகள். தின்ற எலியின் மயிரையும் எலும்பையும் கூகை உருட்டிக் கக்கியவை. காலடியில் நொறுங்கின. அவள் எண்ணியபடி, எலியேசர் சொன்னதைவிட ஒரு படி கூடுதலாக இருந்தது.

மேலே பலகைத் தளம். நடுவில் மணி. பலகணி வலை வழியாகச் சாயங்கால வெளிச்சம் கட்டம் கட்டமாக விழுந்தது. மணிக்கு அப்பால் இருட்டு மூலையில் ஏதோ அசைந்தது. எலியேசர் டார்ச்சைப் போட்டார்.

இரண்டு குஞ்சுகள் சுவரோடு ஒட்டி நின்றன. வெள்ளை முகம், உடம்பில் பாதி பஞ்சும் பாதி இறகும். பெரியது தலையைத் தாழ்த்தி, இறக்கையை விரித்து, அவளைப் பார்த்துச் சீறியது. இரண்டாவதுக்குச் சீறத் தெம்பில்லை. வாயை மட்டும் திறந்தது.

மற்றவை தரையில் கிடந்தன. மூன்று ஜோடிக் கால்கள், கொஞ்சம் பஞ்சு, ஒரு சின்ன மண்டையோடு. ஒரே நாளில் பொரிக்காமல் ஒன்றன் பின் ஒன்றாகப் பொரிப்பவை கூகைக் குஞ்சுகள்; இரை வராமல் போனால் மூத்தது இளையதைத் தின்னும். வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் “ஐயே” என்று முகம் சுளித்தபோது, இயற்கையில் இதெல்லாம் சகஜம் என்றும் சொல்லியிருக்கிறாள். இது இயற்கையில் நடந்தது அல்ல. புதன்கிழமை மத்தியானம் அவள் கையெழுத்துப் போட்டதால் நடந்தது.

“டீச்சரம்மா, அஞ்சு இருந்திருக்கு போல” என்றார் எலியேசர்.

“ஆமா. அவுக கட்டில்ல கெடந்தே சொன்னாக” என்றாள்.

வலையை வெட்ட அரை மணி நேரம் ஆயிற்று. கம்பி ஒவ்வொன்றாக அறுபட்டது. அவள் கை கன்றிப்போனதும் எலியேசர் வாங்கி வெட்டினார், பிறகு அவள் வாங்கினாள். கூகை தாராளமாக நுழைகிற அளவுக்கு ஒரு பலகணியைத் திறந்தார்கள். விளிம்பில் கிடந்த இரண்டு எலிகளை அவள் கையை நீட்டி எடுத்து, குஞ்சுகளுக்கு முன்னால் வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் பாட்டிலில் இல்லாத ஒரு எலியை அவள் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. பெரிய குஞ்சு ஒன்றை அப்படியே விழுங்கியது. சின்னதற்கு அதை எடுக்கவே நேரம் பிடித்தது.

ஆறரைக்குப் பண்டிகைக்கு முந்தின சாயங்கால ஜெபம். “மணியடிக்கணும் டீச்சரம்மா, வாங்க எறங்குவோம்” என்றார் எலியேசர். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் வீங்கி, கால் கட்டையாகிவிட்டது. “நீங்க போங்க. நான் கொஞ்சம் கழிச்சு வாரேன்” என்று சைகை காட்டினாள். அவர் டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் மணியை அடித்தார். பக்கத்திலேயே அந்த வெண்கலம் ஆடி முழங்கியபோது, ரீபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் சுருண்டாள். குஞ்சுகள் அசையக்கூட இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்.

மணி நின்ற பிறகு கீழேயிருந்து ஆட்களின் பேச்சு கேட்டது. அசனத்துக்குப் பாத்திரங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ விறகை எண்ணி வாங்கினார்கள், யாரோ உப்பு மூட்டை எங்கே என்று கேட்டார்கள். வெளிச்சம் கிட்டத்தட்ட அணைந்துவிட்டது. அவள் டார்ச்சை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சத்தமில்லாமல் பலகணி இருண்டது. ஒரு கூகை வந்து விளிம்பில் உட்கார்ந்திருந்தது. காலில் எலி. வெட்டுப்பட்ட வலையை ஒரு தடவை, அவளை ஒரு தடவை, திரும்ப வலையை ஒரு தடவை பார்த்தது. பிறகு உள்ளே குதித்து இறங்கி, தத்தித் தத்தி மூலைக்குப் போனது. பெரிய குஞ்சு பறித்துக்கொண்டது. அது போன கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது, சின்னதற்குக் கிடைத்தது. பிறகு மறுபடி முதல் கூகை, மறுபடி இரண்டாவது. வயலில் எலிக்குப் பஞ்சமில்லை. இரண்டு குஞ்சும் தின்று, வயிறு புடைத்து, போதும் என்று வாயை மூடிக்கொண்டு ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துவிட்டன.

கூகைகள் நிறுத்தவில்லை. அஞ்சு வாய்க்கு உண்டானதை மாறி மாறிக் கொண்டுவந்துகொண்டிருந்தன. வாங்க ஆளில்லாததால் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போயின. கடைசியாக வந்தது, எலியை அந்தச் சின்னக் கால்கள் கிடந்த இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தது. வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தபடி நின்றது. ஒன்றும் வரவில்லை. ரீபா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கூகை குனிந்து, அலகால் அந்த எலியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தது.